நெருப்பு வந்த பிறகும் அது ஏன் நிற்கிறது? ராக்கெட்டைப் பிடித்து வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் 30 வருடத்துக்கு மேல் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சனிக்கிழமை காலையில் சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு நாள் ராக்கெட் ஏவிய செய்தி ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தோம். போனில் அந்த வீடியோவையும் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "அங்கிள், கீழே நெருப்பு வந்தாச்சு, புகை வந்தாச்சு. அப்புறமும் ஏன் அங்கேயே நிக்குது?"

அன்றைக்கு வாசிப்பு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், ஓர் ஆயா எனப் பலரும் கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பதில்களோடு இங்கே தருகிறேன். நான் ராக்கெட் பொறியாளன் இல்லை. ஆனால் கனமான ஒன்றைக் கட்டி வைப்பதும் நேரம் பார்த்து அவிழ்த்து விடுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. கட்டுவதை எந்தப் புதுப் பையனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வான். அவிழ்க்கும்போதுதான் எங்கள் மேஸ்திரி பக்கத்தில் வந்து நிற்பார்.

அந்தப் பையனின் கேள்விதான் முதலில். எஞ்சின் எரிந்த பிறகும் ராக்கெட் ஏன் சில நொடி அசையாமல் நிற்கிறது?

அடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சின்ன பதில்.

பெரிய பதில் இது. திரவ எரிபொருள் எஞ்சின் சுவிட்சைப் போட்டதும் முழு பலத்துக்கு வந்துவிடாது. உள்ளே இருக்கும் பம்புகள் சுழன்று வேகம் பிடிக்க வேண்டும், எரிபொருளும் ஆக்சிஜனும் சரியான அளவில் கலக்க வேண்டும், அழுத்தம் ஏற வேண்டும். அதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் கணினி ஒவ்வொரு எஞ்சினாகப் பார்த்துக்கொண்டே வரும். ஒன்று சரியில்லை என்றாலும் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம், ராக்கெட் நின்ற இடத்திலேயே நிற்கும். பிடி இல்லாமல் இருந்தால் குறைந்த பலத்தோடு எழும்பி, பக்கத்துக் கோபுரத்தில் சாய்ந்துவிடலாம்.

நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டில், கிளம்புவதற்கு 8.9 நொடி முன்னாலேயே பற்றவைப்பு தொடங்கிவிடும். ஐந்து எஞ்சின்களையும் ஒரே சமயத்தில் கொளுத்த மாட்டார்கள். நடுவில் இருப்பது முதலில், அப்புறம் எதிரெதிர் ஜோடிகளாக. 2011 வரை பறந்த அமெரிக்க விண்வெளி ஓடத்தில் (ஸ்பேஸ் ஷட்டில்) இது 6.6 நொடி. ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஏறக்குறைய 3 நொடி.

இந்தச் சில நொடியால் தப்பித்த கதைக்கு ஓர் உதாரணம்: 2012 மே 19 அன்று, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு டிராகன் கலத்தைக் கொண்டுபோக இருந்த ஃபால்கன் 9. எஞ்சின்கள் ஒன்பதும் எரிந்துவிட்டன. கிளம்ப அரை நொடி இருக்கும்போது நடு எஞ்சினில் அழுத்தம் அதிகமாக இருப்பதைக் கணினி கண்டு எல்லாவற்றையும் நிறுத்தியது. வால்வு ஒன்றை மாற்றினார்கள். மூன்று நாளில், மே 22 அன்று, அதே ராக்கெட் கிளம்பிப் போனது.

இத்தனை நூறு டன் எடை இருக்கிறதே, அந்த எடையே பிடித்து வைக்காதா?

நல்ல கேள்வி. சில ராக்கெட்டுகளில் அதைத்தான் செய்கிறார்கள்.

பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து 2023 வரை பறந்த ஏரியான் 5 எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை ஏறத்தாழ 780 டன். நடுவில் உள்ள திரவ எஞ்சினின் தள்ளுவிசை தரைமட்டத்தில் 100 டன் அளவுதான். அதைக் கொளுத்திவிட்டு ஏழு நொடி வரை நிதானமாகச் சோதிக்கலாம், ராக்கெட் இம்மிகூட எழும்பாது. எல்லாம் சரி என்றால் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெரிய திட எரிபொருள் பூஸ்டர்களைக் கொளுத்துவார்கள். அந்த நொடியே கிளம்பிவிடும்.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோவின் முதல் ஜிஎஸ்எல்வி. 2001 மார்ச் 28. அந்த ராக்கெட்டில் நடுத்தண்டு திட எரிபொருள், சுற்றிலும் நான்கு திரவ எஞ்சின்கள். திரவ எஞ்சின்களைத்தான் 4.8 நொடி முன்னால் கொளுத்துவார்கள். நான்கும் சேர்ந்து தருவது 280 டன்னுக்குச் சற்றுக் குறைவான விசை, ராக்கெட்டின் எடையோ 400 டன். கணக்குப் போட்டால் எழும்ப வழியில்லை. அன்றைக்கு நான்கில் ஒன்று போதிய பலத்துக்கு வரவில்லை. நடுத்தண்டைக் கொளுத்த ஒரு நொடி இருக்கும்போது தானியங்கி முறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. நெருப்பும் புகையுமாக இருந்ததே தவிர ராக்கெட் பிழைத்தது. ஏப்ரல் 18 அன்று அதே ராக்கெட்டைச் சரிசெய்து ஏவினார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திட எரிபொருளைக் கொளுத்திவிட்டால் நிறுத்த முடியாது. தீபாவளி வாணத்தின் திரி உள்ளே போன பிறகு ஊதி அணைக்க முடியுமா? அதனால் திரவ எஞ்சின்களைச் சோதித்துத் திருப்தியான பிறகே திட எரிபொருளுக்குத் தீ வைக்கிறார்கள்.

திரவ எஞ்சின்களை மட்டுமே நம்பி எழும் ராக்கெட்டுகளுக்கு இந்த எடைக் கணக்கு உதவாது. முழு பலம் வரும்போது விசை எடையைத் தாண்டிவிடும். அங்கேதான் இரும்புப் பிடி வேண்டும்.

கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரியா?

இதைக் கேட்டவர் ஓர் ஆயா. பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பாதி சரி, ஆயா. முட்டுக்கட்டை தேரை உருளாமல் தடுக்கிறது. ராக்கெட்டின் பிடி, மேலே எழும்பாமல் கீழ்நோக்கி இழுத்து வைத்திருக்கிறது. காற்றில் சாயாமலும் பார்த்துக்கொள்கிறது. புளோரிடாக் கடற்கரையில் நூறு மீட்டருக்கு மேல் உயரமான ஒன்றை வெறுமனே நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர்க் காற்று தெரிந்ததுதானே.

ஆனால் இன்னொரு விதத்தில் ஆயா சொன்னது ரொம்பப் பொருத்தம். வடம் இழுக்கும்போது இரண்டு சக்கரத்தின் கட்டையையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் தாமதித்தால் தேர் திரும்பிக்கொள்ளும். ராக்கெட்டில் ஏவுதளக்காரர்களுக்கு இருக்கும் பெரிய பயமும் அதுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

எத்தனை பிடிகள் இருக்கும்? எவ்வளவு வலு?

சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கு நான்கு பிடிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 டன் எடை, ஆள் உயரத்தைவிடப் பெரிய இரும்பு. ராக்கெட்டின் அடி விளிம்பைக் கவ்வி, ஒவ்வொன்றும் 300 டன்னுக்கு மேல் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கும்.

இதை ராக்கெட்டின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஐந்து எஞ்சின்களின் விசை சுமார் 3,400 டன். ராக்கெட்டின் எடை சுமார் 2,900 டன். மீதி 500 டன்தான் மேலே இழுக்கிறது. நான்கு பிடியும் சேர்ந்தால் 1,200 டன்னுக்கு மேல். அதாவது பிடிகள் 3,400 டன்னோடு மல்லுக்கட்டவில்லை, எடையைக் கழித்த மீதியோடுதான் மல்லுக்கட்டுகின்றன. இதைச் சொன்னதும் வகுப்பில் பலருக்கும் ஏமாற்றம். எனக்கு என்னவோ இதுதான் அழகாகத் தெரிகிறது.

விண்வெளி ஓடத்துக்கு எட்டு போல்ட்டுகள், அதன் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்களுக்கும் நான்கு வீதம். ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் கனம். நம் பிரிட்டோரியாவில் 1971இல் பிறந்த எலான் மஸ்க்கின் ஸ்டார்ஷிப்புக்கு ஏவுமேடை வளையத்தைச் சுற்றி 20 கவ்விகள்.

சரி, இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததை ஒரு நொடியில் எப்படி விடுகிறார்கள்?

என் வேலைக்குப் பக்கத்தில் வரும் கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எண்ணெய்க் கப்பலைக் கட்டும் துறையில் சாதாரணத் தூண் இருக்காது, கொக்கி இருக்கும். தீப்பிடித்தால் கப்பலை உடனே வெளியே தள்ள வேண்டும் என்பதற்காக. கயிற்றில் பல டன் இழுவை இருக்கும்போதும், பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை ஒருவன் தட்டினால் கொக்கி திறந்துகொள்ளும். அந்தச் சுமையை அவன் கை தாங்கவில்லை. சுமை முழுவதும் கொக்கியின் உடம்பு வழியாகத் துறைக்குள் இறங்கிவிடுகிறது. கொக்கி திரும்பாமல் ஒரு சின்ன நாக்கு தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நாக்கை நகர்த்தினால் போதும், மிச்சத்தைச் சுமையே செய்துகொள்ளும்.

டிபன் கேரியரின் பக்கவாட்டுப் பிடியைப் பார்த்திருப்பீர்கள். கீழே அழுத்தும்போது ஒரு கட்டம் வரை எதிர்க்கும். அந்த இடத்தைத் தாண்டியதும் தானாகவே படக்கென்று உட்கார்ந்துவிடும். உள்ளே சாம்பார் எவ்வளவு அழுத்தினாலும் திறக்காது, இன்னும் இறுகும். விரலால் கொஞ்சம் தூக்கி அந்த நடு இடத்தைத் தாண்ட வைத்தால் துள்ளித் திறக்கும். ராக்கெட்டுக் கவ்விகள் பலவும் இந்த உபாயத்தில்தான் வேலை செய்கின்றன. கொக்கியைத் தட்டுவது மனிதக் கை இல்லை, அழுத்திய வாயு அல்லது ஹைட்ராலிக் எண்ணெய். சாட்டர்ன் 5இல் ஹீலியம் வாயு அதைச் செய்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் திறக்காவிட்டால் இணைப்பை உடைக்கச் சின்ன வெடி ஒன்றும் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது வழி, முழுக்க வெடி. விண்வெளி ஓடத்தின் எட்டு போல்ட்டுகளின் தலையிலும் பெரிய நட் ஒன்று. அதற்குள் இரண்டு வெடிகள். பூஸ்டருக்குத் தீ வைக்கும் அதே கட்டளையில் நட்டுகள் பிளந்துவிடும். போல்ட் கீழே இறங்கி மணலில் விழும். ஆமாம், மணல்தான். இவ்வளவு பெரிய எந்திரத்துக்கு அடியில் மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள் என்பது எங்கள் ஒர்க்ஷாப் ஆட்கள் யாரையும் சிரிக்க வைக்கும். மணலைப் போல அதிர்வை வாங்கிக்கொள்ளும் பொருள் வேறென்ன இருக்கிறது?

வெடிக்கு ஒரு குறை உண்டு. ஒரு தடவைதான். இன்றைக்கு ஏவப்போகும் அதே நட்டை நேற்று வெடித்துச் சோதிக்க முடியாது. கவ்வியை நூறு முறை திறந்து மூடிப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் கவ்வி பக்கம்தான் சாய்வேன்.

எல்லாப் பிடியும் ஒரே சமயத்தில் விடாவிட்டால்?

ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் எழும்பினால் ராக்கெட் சாயும். சாய்ந்த ராக்கெட்டின் விசையும் சாய்வாகத்தான் போகும், சாய்வு இன்னும் கூடும். அதனால் நான்கோ எட்டோ, எல்லாமே நொடியில் சின்னஞ்சிறு பங்குக்குள் திறந்தாக வேண்டும்.

விண்வெளி ஓடத்தின் ஒவ்வொரு நட்டிலும் இரண்டு வெடிகள் என்றேனே, அவற்றுக்குத் தனித்தனி மின்சுற்று. 2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் ஓடம் கிளம்பியபோது ஒரு சுற்றிலிருந்து வெடிகள் வெடிக்கவில்லை. இன்னொரு சுற்று எல்லா நட்டுகளையும் பிளந்துவிட்டது. விஷயம் தெரியவந்தது ஓடம் போன பிறகுதான்.

விண்வெளி ஓடம் கிளம்புவதற்கு முன் கொஞ்சம் ஆடுகிறதே, அது பழுதா?

பழுது இல்லை. கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். ஓடத்தின் மூன்று எஞ்சின்களும் ஒரு பக்கமாக இருக்கின்றன, அடி போல்ட்டுகள் பூஸ்டரைப் பிடித்திருக்கின்றன. எஞ்சின்கள் எரிந்ததும் முழு உருவமும் மூங்கில் மாதிரி வளைந்து, உச்சி ஏறத்தாழ இரண்டு அடி நகரும். பிறகு திரும்பி வரும். நேராக நிமிரும் நொடியில்தான் பூஸ்டருக்குத் தீ வைப்பார்கள், நட்டுகளை உடைப்பார்கள். அந்த 6.6 நொடி, எஞ்சினைச் சோதிக்கவும் இந்த ஆட்டம் அடங்கவும் சேர்த்துத்தான்.

அந்த இடைவெளியில் எஞ்சின்கள் எரிந்தும் ஓடம் கிளம்பாமல் நின்றது ஐந்து முறை, 1984க்கும் 1994க்கும் இடையில். ஐந்து முறையும் ஆட்கள் உள்ளே இருந்தார்கள், பத்திரமாக இறங்கி வந்தார்கள்.

பட்டென்று விடாமல் மெல்ல விடவேண்டிய ராக்கெட்டும் உண்டாமே?

உண்டு. இந்தக் கேள்வி வந்தபோது எனக்கே கொஞ்சம் சந்தோஷம்.

ஒரு சுமையைத் தராசுத் தட்டில் மெதுவாக இறக்கினால் முள் அதன் எடையைக் காட்டும். பட்டென்று விட்டால் முள் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் துள்ளிவிட்டுத் திரும்பும். விட்ட உயரம் ஒன்றுமில்லை, தட்டைத் தொட்டுக்கொண்டேதான் விட்டீர்கள், ஆனாலும் துள்ளும். திடீரென்று வரும் விசைக்கு அந்தக் குணம். ராக்கெட்டின் உடம்பு உறுதியானது போலத் தெரிந்தாலும் உள்ளே மெல்லிய தகடு, நீளமான தொட்டி, நிறையத் திரவம். 500 டன் மீதி விசை திடீரென்று வந்தால் அடியிலிருந்து உச்சிவரை அது ஸ்பிரிங் மாதிரி அதிரும்.

அதற்கு சாட்டர்ன் 5இல் செய்த ஏற்பாடு, தட்டார் கம்பி இழுக்கிற வேலைதான். கனமான கம்பியைச் சின்னத் துளை உள்ள அச்சில் நுழைத்து இழுத்தால் அது மெலிந்து நீண்டு வரும், இழுப்பவர் கைக்கு எதிர்ப்பும் கொடுக்கும். பிடிகள் விட்ட பிறகும் ராக்கெட்டை அதிகபட்சம் 16 கூம்பு வடிவ இரும்பு ஊசிகள் அப்படி அச்சுத் துளைகளில் கவ்வியிருக்கும். ராக்கெட் எழும்போது ஊசிகள் அந்தத் துளைகள் வழியாக உருவப்பட்டு வரும். முதல் 15 சென்டிமீட்டர்தான், ஏறக்குறைய அரை நொடி. எதிர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வரும்.

கணினி இல்லை, வால்வு இல்லை. இரும்பின் இளகும் குணத்தை மட்டும் நம்பிச் செய்த வேலை.

ரஷ்யர்களும் இப்படித்தான் பிடித்து வைக்கிறார்களா?

இல்லை. அவர்கள் வழியே தனி. சோயுஸ் ராக்கெட் ஏவுதளத்தில் நிற்பதில்லை, தொங்குகிறது. பெரிய குழிக்கு மேல் நான்கு இரும்புச் சட்டங்கள் அதன் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் விசை எடையைத் தாண்டி ராக்கெட் சற்று எழும்பியதும் சட்டங்களின் மேல் இருந்த பாரம் போய்விடும். சட்டங்களின் மறுமுனையில் எதிர்பாரம் கட்டியிருக்கிறது. பாரம் போனதும் அது கீழே இறங்க, சட்டங்கள் நான்கும் பூ விரிவது போல வெளியே சாயும். அதனால் அதற்குத் துலிப் பூ என்று பெயர்.

கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விடுவிக்கும் கட்டளை என்று எதுவும் கிடையாது. ராக்கெட்டே தன்னை விடுவித்துக்கொள்கிறது. விசையையும் படிப்படியாக ஏற்றி, வழியிலேயே சோதித்துக்கொள்வார்கள். 1957இல் ஸ்புட்னிக், 1961இல் ககாரின், இருவரும் கிளம்பியது இப்படித்தான். எஞ்சினுக்குத் தீ வைப்பதுகூட பிர்ச் மரக் குச்சியின் நுனியில் கட்டிய மத்தாப்பு மாதிரியான ஒன்றால். பிள்ளைகளுக்கு நான் சொன்னதிலேயே அவர்கள் நம்ப மறுத்தது இதை மட்டும்தான்.

கிளம்பியும் கிளம்பாமலும் நின்ற கதை ஏதாவது?

இரண்டு சொல்கிறேன்.

1960 நவம்பர் 21. மெர்குரி ரெட்ஸ்டோன் என்ற ராக்கெட், ஆள் இல்லாத சோதனை. எரிந்தது, எழும்பியது, சுமார் 4 அங்குலத்தில் எஞ்சின் அணைந்து திரும்பவும் மேடையில் உட்கார்ந்துவிட்டது. காரணம் இரண்டு மின்கம்பிகள். அடியில் செருகியிருந்த அவை ராக்கெட் எழும்போது ஒன்றன்பின் ஒன்றாக உருவிக்கொள்ள வேண்டும். வரிசை மாறிவிட்டது. நொடியில் நூறில் மூன்று பங்கு வித்தியாசம். பயணம் முடிந்தது என்று கலம் நினைத்துக்கொண்டது. கலத்தின் உச்சியில் இருந்த தப்பிக்கும் கோபுரம் தனியாகப் பறந்துபோனது, பாராசூட்டுகள் வெளியே வந்து தொங்கின. முழு எரிபொருளோடு, எந்தப் பிடியும் இல்லாமல் ராக்கெட் நிற்கிறது, பாராசூட்டில் காற்றடித்தால் சாய்ந்துவிடும். துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியில் ஓட்டை போடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்ததாம். கடைசியில் ராத்திரி முழுக்கப் பேட்டரி தீரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது 1965 டிசம்பர் 12, ஜெமினி 6. உள்ளே வால்ட்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும். எஞ்சின்கள் எரிந்து இரண்டு நொடிக்குள் அணைந்துவிட்டன. அடியில் இருந்த ஒரு பிளக் முன்கூட்டியே கழன்று விழுந்ததுதான் காரணம். ஆனால் கலத்துக்குள் இருந்த கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது, அதாவது "கிளம்பியாகிவிட்டது" என்று அர்த்தம். கிளம்பி அணைந்திருந்தால் ராக்கெட் விழப்போகிறது, உடனே, இருக்கையோடு ஆளை வெளியே வீசும் வளையத்தை இழுத்துத் தப்பித்தாக வேண்டும். ஷிரா இழுக்கவில்லை. முதுகுக்குக் கீழே எந்த அசைவும் தெரியவில்லை என்பதால் பிடி இன்னும் விடவில்லை என்று முடிவு செய்தார். அடி போல்ட்டுகள் அப்படியேதான் இருந்தன. மூன்று நாள் கழித்து அதே ராக்கெட்டில் போனார்கள்.

பிடி விட்ட பிறகு ஓர் எஞ்சின் நின்றால்?

அப்போது பிடியால் ஒன்றும் செய்ய முடியாது. 2021 ஆகஸ்ட் 28 அன்று அலாஸ்காவில் ஆஸ்ட்ரா நிறுவனத்தின் ராக்கெட்டில், எழும்பிய ஒரு நொடிக்குள் ஐந்தில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டது. மீதி நான்கின் விசையும் எடையும் ஏறத்தாழ சமம். அது மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, எரிபொருள் குறைந்து இலேசானதும் மேலே ஏறியது. சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. காரணம் தேடினால், எரிபொருள் நிரப்பும் குழாய் கழலும் இடத்தில் கசிவு. பிடியைப் போலவே, கடைசி நொடியில் கழல வேண்டிய இன்னொரு பொருள். அந்த வீடியோவை வகுப்பில் மூன்று முறை போட வேண்டியதாயிற்று.

ஏவாமலே பிடித்து வைத்து எரித்துப் பார்ப்பார்களாமே? அப்போது அறுந்து போனால்?

எரித்துப் பார்ப்பார்கள். 2023 பிப்ரவரி 9 அன்று ஸ்டார்ஷிப்பின் 33 எஞ்சின்களில் 31 ஒன்றாக எரிந்தன, கவ்விகள் பிடித்துக்கொண்டன.

அறுந்தும் போயிருக்கிறது. 2024 ஜூன் 30, சீனாவின் ஹெனான் மாகாணத்தில் கோங்யி நகருக்குப் பக்கத்தில், தியான்லோங் 3 ராக்கெட்டின் முதல் அடுக்கைச் சோதனை மேடையில் கட்டி எரித்தார்கள். மேடையோடு சேர்த்திருந்த இணைப்புப் பகுதி முறிந்துவிட்டது. யாரும் ஏவாத ராக்கெட் தானே கிளம்பி மேலே போய், எஞ்சின் அணைந்து, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மலைப்பகுதியில் விழுந்து எரிந்தது. யாருக்கும் காயம் இல்லை. கட்டுவது சுலபம் என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த வரியை இதைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடக்கியே வாசியுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட ஏவுதளம் இருக்கிறதா?

இவ்வளவு பெரிய கவ்விகள் வேண்டிய ராக்கெட் இங்கே இல்லை. ஆனால் நம் டர்பனில் உள்ள குவாசுலு நட்டால் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் ஃபீனிக்ஸ் என்ற ராக்கெட்டுகளைச் செய்கிறார்கள். 2021 மார்ச்சில் மேற்குக் கேப் மாகாணத்தின் ஓவர்பெர்க் சோதனைத் தளத்திலிருந்து ஒன்று 17.9 கிலோமீட்டர் உயரம் போனது. மெழுகுதான் எரிபொருள், அதை எரிக்க நைட்ரஸ் ஆக்சைடு. பெயரைக் கேட்டதும் ஃபீனிக்ஸில் இருக்கும் என் அக்கா பேரப்பிள்ளைகள் அது தங்கள் ஊர் ராக்கெட் என்றே முடிவு செய்துவிட்டார்கள், நானும் மறுக்கவில்லை.

சின்ன ராக்கெட்டுக்குத் தேவையே வேறு. தன் எடையைப் போல் பல மடங்கு விசையோடு கிளம்பும், பிடித்து வைத்துச் சோதிக்கும் அவசியம் குறைவு. ஆனால் அதை நேராக வைத்திருப்பது வால் இறக்கைகள், அவற்றுக்குக் காற்றின் வேகம் வேண்டும். வேகம் வரும் வரை வழிகாட்ட நீளமான தண்டவாளம் ஒன்றில் ஏறி ஓடவிடுகிறார்கள். நடை பழகும் குழந்தைக்கு நடைவண்டி மாதிரி.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

வெடி, மருந்து எதையும் தொடக்கூடாது. தண்ணீர் ராக்கெட் செய்யலாம், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் காற்று. கண்ணாடியும் வேண்டாம், உலோகமும் வேண்டாம். எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும்.

இதன் பிடிதான் விசேஷம். பாட்டிலின் கழுத்தில் மூடிக்குக் கீழே ஒரு வளையம் துருத்திக்கொண்டிருக்கும். பாட்டிலைக் கவிழ்த்துச் செருகும் குழாயைச் சுற்றிக் கேபிள் டைகளை நிறுத்தி, அவற்றின் தலைகள் அந்த வளையத்தைக் கவ்வும்படி கட்ட வேண்டும். தலைகள் வெளியே விரியாமல் இருக்க மேலே ஒரு பெரிய குழாய்த் துண்டு, உறை மாதிரி. அந்த உறையைக் கயிறு கட்டிக் கீழே இழுத்தால் தலைகள் எல்லாம் ஒன்றாக விரிந்து பாட்டிலை விட்டுவிடும். சின்ன சைஸ் சாட்டர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வகுப்புக்குப் பக்கத்து மைதானத்தில் முதலில் விட்டபோது கயிறு ஒரு பக்கம்தான் கட்டியிருந்தேன். பையன் இழுத்தான், உறை சாய்ந்துகொண்டு இறங்கியது, ஒரு பக்கத் தலைகள் விட்டன, மறுபக்கத் தலைகள் விடவில்லை. பாட்டில் சாய்வாகப் பாய்ந்து, பிராய் அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோசேஜின் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலியில் போய் மோதியது. 30 வருடம் கயிறு அவிழ்த்தவன் செய்த காரியம். இப்போது இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இரண்டையும் ஒரே கட்டையில் முடிந்து இழுக்கிறோம். அந்த ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்தபோது நாற்காலியை வேலிக்குப் பின்னால் எடுத்துப்போட்டு உட்கார்ந்தார்.